சனிக்கிழமை ஓடாத செக்குகள்

பம்பாய்க்குத் தெற்கே, கொங்கணக் கரையில் அலிபாகை அடுத்த நவ்காவ் என்னும் சிற்றூரின் கடலோரத்தில், எக்காலத்திலோ உடைந்துபோன ஒரு மரக்கலத்திலிருந்து ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் மட்டுமே உயிர் தப்பிக் கரையேறினர் என்றும், உடன் வந்தோரின் சடலங்களை அவ்விடத்திலேயே அடக்கம் செய்துவிட்டு, வேத ஏடுகளையெல்லாம் கடலுக்குப் பறிகொடுத்த நிலையில் அவ்வூராரை அண்டி வாழத் தலைப்பட்டனர் என்றும் பெனே இஸ்ரவேலர் எனப்படும் யூத சமூகத்தார் தம் பூர்வ கதையைச் சொல்லுவர். இக்கதையின் காலத்தை நிர்ணயிக்கவல்ல சாசனம் எதுவும் அகப்படவில்லை. அவர்கள் செக்காட்டி எண்ணெய் விற்று ஜீவித்தார்கள், மராத்தியே தாய்மொழியாயிற்று, குடியேறிய கிராமங்களின் பெயரைக் கொண்டு கேஹிம்கர் என்றும் ராஜ்பூர்கர் என்றும் திவேகர் என்றும் குடும்பப் பெயர் பூண்டார்கள். ஹீப்ரு மொழி அறவே மறந்துபோயிற்று. ஆயினும் சனிக்கிழமை வந்தால் அவர்களுடைய செக்குகள் ஓடுவதில்லை. அதனால்தான் கொங்கணத்து மக்கள் அவர்களைச் சனிவாரத் தேலிகள், அதாவது சனிக்கிழமை ஓய்ந்திருக்கும் வாணியர், என்று அழைத்தார்கள்.

இறைவன் ஒருவனே என்று முழங்கும் ‘ஷெமா’ மந்திரத்தின் ஒரு வரி, எட்டாம் நாள் விருத்தசேதனம், ஓய்வுநாள், ஒரு சில உணவு விதிகள்: ஒரு பெரும் சமயத்தில் இவ்வளவே எஞ்சியிருந்த ஜனங்கள், ஒரு நூற்றாண்டுக் காலத்துக்குள் தமக்கெனத் தொழுகைக் கூடமும், அச்சிட்ட பிரார்த்தனை நூல்களும், தம் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலையும் கண்டார்கள் என்பது இந்தியக் கல்வியின் சரித்திரத்தில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி என்றே நான் கருதுகிறேன்.

முதல் ஆசிரியராக அவர்கள் போற்றுவது டேவிட் ரஹாபி என்பவரை. அயலூரிலிருந்து வந்த அவர், இம்மக்கள் யூதர்தாமோ என்று ஐயுற்று, பலவகை மீன்களை ஒன்றாகக் கலந்து பெண்டிர் கையில் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். அப்பெண்கள் செதிலும் துடுப்பும் உடைய மீன்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட்டார்கள். அது மோசேயின் விதி. ஏடு அழிந்துபோன பின்பும் அடுக்களையிலே சாஸ்திரம் அழியாதிருந்ததைக் கண்டு மகிழ்ந்த ரஹாபி, மூன்று குடும்பத்தாருக்கு உபதேசம் செய்து, அவர்களைக் காஜிகளாக, அதாவது சமயத் தலைவர்களாக, நியமித்தார் என்பது ஐதிகம். அவர் வந்த காலத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் மிகுதி. கொச்சி நகரத்து யூத வணிகர் குடும்பத்தைச் சார்ந்தவர் அவர் என்பாரும் உளர்.

தொழுகைக் கூடத்தின் வரலாறு நமக்கு இன்னும் அணுக்கமானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாயிருந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர், மைசூர் யுத்தத்தில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, அவர் பெனே இஸ்ரவேலர் என்று கேள்வியுற்ற திப்புவின் தாயார் பரிந்து பேசியதால் உயிர் பிழைத்து மீண்டார் என்று சொல்லுவார்கள். மீண்டவர், தாம் உயிரோடு திரும்பியதற்கு நன்றிக்கடனாக 1796-ல் பம்பாய் மாண்ட்வியில் ஒரு தொழுகைக் கூடம் எழுப்பினார். பம்பாயில் தோன்றிய முதல் யூதத் தொழுகைக் கூடம் அதுவே. ‘கருணை வாயில்’ என்று பொருள்படும் ‘ஷாஆர் ஹாரஹமிம்’ என்பது அதன் திருநாமம். அதுகாறும் வீடுகளில் சிதறிக் கிடந்த சமூக வாழ்வு அக்கூடத்தின் கீழ் ஒன்று திரண்டது. தலைவராக முகாதம், பொருள் காக்கக் கப்பாய், தொழுகை நடத்த ஹசான், ஏவல் செய்ய ஷமாஷ் என்று அலுவலர்கள் ஏற்பட்டார்கள். வழக்குகள் அங்கே தீர்ந்தன. விவாகங்கள் அங்கே நிச்சயமாயின. ஆனால் தொழுகை நடத்தத் தக்க ஹீப்ருப் புலமை உடையோர் உள்ளூரில் இல்லை. 1826-ஐ ஒட்டிக் கொச்சியிலிருந்து யூத ஆசிரியர்கள் வந்து அக்குறையை நீக்கினார்கள்.

மற்றொரு திசையிலிருந்தும் கல்வி வந்தது. அமெரிக்க மிஷனாரும் ஸ்காட்லாந்து மிஷனாரும், கிறிஸ்துவின் மார்க்கத்தில் இவர்களைச் சேர்க்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு பாடசாலைகள் வைத்தார்கள். ஜான் வில்ஸன் என்னும் பாதிரியார் இவர்கள் பொருட்டு மராத்தியிலே ஹீப்ரு இலக்கணம் ஒன்று இயற்றினார். மதம் மாறினவர் வெகு சிலரே. பாதிரிமார் கொடுத்த மொழியைக் கொண்டு இம்மக்கள் தம் சொந்த வேதத்தையே மீட்டுக்கொண்டார்கள். மதம் மாற்றும் நோக்கத்துக்காகப் பாதிரிமாரைக் குறை கூறுவது தகாது. அவர்கள் செய்த வித்தியாதானம் மெய்யானது, அதன் பயன் அவர்கள் எண்ணியதற்கு மாறாய்ப் போயிற்று, அவ்வளவே.

அடுத்த தலைமுறையில், 1834-ல் பிறந்த ஜோசப் எசக்கியேல் ராஜ்பூர்கர், யூதப் பிரார்த்தனை நூல்களை மராத்தியில் மொழிபெயர்த்தார். பம்பாய் சர்வகலாசாலையில் ஹீப்ருப் பரீட்சகராகவும் விளங்கினார். பஸ்கா இரவில் ஓதும் ‘ஹகாதா’ நூல் 1874-ல் பூனாவில் ஹீப்ருவும் மராத்தியுமாக வெளிவந்தது. அதன் சித்திரங்களில், மராத்திய முறையில் சேலை கட்டிய பெண்கள் தரையில் அமர்ந்து மாவு பிசைந்து, புளியாத அப்பம் சுடுகிறார்கள். எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையை ஓதும் நூலில் அவர்கள் தம் வீட்டு அடுக்களையையே வரைந்துகொண்டார்கள். ஆபிரகாம், யோசேப்பு முதலியோர் சரிதங்களை மராத்திக் கீர்த்தனமாகப் பாடும் வழக்கமும் 1880-ஐ ஒட்டி அவர்களிடையே தோன்றியது. எலியா தீர்க்கதரிசியின் பேரால் அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்து படைக்கும் ‘மலிதா’ச் சடங்கோ எந்தப் பாதிரியும் கற்பிக்காதது.

இவையெல்லாம் பழுத்துவந்த காலத்திலேதான் அவர்களுக்கே உரிய பாடசாலை எழுந்தது. ஹாயிம் சாமுவேல் கேஹிம்கர் என்னும் பெரியார், தம் சகோதரரும் நண்பரும் துணை நிற்க, 1875-ல் பம்பாயில் ‘இஸ்ரவேலைட் ஸ்கூல்’ என்ற பெயரால் ஒரு மராத்தி ஆரம்பப் பாடசாலையைத் தொடங்கினார். பிற சமூகத்தாரின் பள்ளிகளில் தம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கலாம், உத்தியோகமும் பெறலாம்; தம் மறையை அறியாதவராகவே வளர்வர் என்பது அவருடைய கவலை. ஆகவே மராத்தியும் ஆங்கிலமும் ஹீப்ருவும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. லண்டனிலிருந்த ஆங்கிலோ-யூத சங்கம் பொருளுதவி செய்தது; பள்ளி படிப்படியாக உயர்தரப் பள்ளியாயிற்று; பிற்காலத்தில் பாக்தாதில் பிறந்த பெருவணிகர் சர் எல்லி கதூரியின் நன்கொடையால் அவர் பெயரையே பூண்டது. தாய்மொழியை அடிப்படையாக வைத்து, ஆங்கிலத்தையும் மறைமொழியையும் அதன்மேல் எழுப்பிய கேஹிம்கரின் முறையே அப்பள்ளியின் உயிர்நிலை.

அச்சமூகத்தில் கல்வி எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ரெபேக்கா ரூபன் ஒருவரே போதுமான அத்தாட்சி. 1889-ல் பிறந்த அவ்வம்மையார், பம்பாய் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் 1905-ல் முதலாவதாகத் தேறினார். 1922 முதல் 1950 வரையில் அப்பள்ளிக்குத் தலைமை வகித்தார். செக்காட்டிய குலத்தில் பிறந்த ஒரு பெண், பம்பாய் போன்ற மாநகரத்தில் பெரும் பள்ளியொன்றை ஏறத்தாழ முப்பது ஆண்டு நடத்தியது, பள்ளி தொடங்கிய கேஹிம்கரும் எதிர்பாராத சித்தியாக இருக்கலாம்.

1948-க்குப் பின் இச்சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அவர்களுடைய யூதத்துவத்தையே சந்தேகித்துக் குருமார் விவாகத் தடை எழுப்ப, அவர்கள் கிளர்ச்சி செய்து 1964-ல் அரசாங்கத்தின் வாயால் முழு அங்கீகாரம் பெற்றார்கள். பம்பாய் மாஸ்காவிலுள்ள கதூரிப் பள்ளியில் இன்று யூதரல்லாத குழந்தைகளே மிகுதியாகப் படிக்கின்றனர். கேஹிம்கர் தம் மக்களின் சரித்திரத்தை 1897-ல் எழுதி முடித்தார். அது 1937-ல் டெல் அவீவில்தான் அச்சேறிற்று. நம் நாட்டுச் சமூகம் ஒன்றைப் பற்றி அச்சமூகத்தவரே எழுதிய அந்நூலைத் தமிழில் பெயர்த்துத் தர வல்லார் எவரேனும் முன்வருவாராயின், தமிழ் வாசகர் அதனை ஆதரிக்க வேண்டுகிறேன்.