வெட்டில் பிறந்த தொடர்: தமிழ்த் திரைப்பட நகைச்சுவைப் பகுதிகளின் வீட்டு வெளியீடும் பாடச் சிக்கலும் (ஜெயமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

திரையரங்கிற்கென எடுக்கப்பட்ட படம் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் வீட்டிற்கு வந்தபோது அதன் நகைச்சுவைப் பகுதி என்னவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கதைவசனப் பதிப்புகளில் தனித்தட நகைச்சுவையே எளிதில் விலக்கத்தக்கதாக இருந்தது. பின்னர் வந்த நகைச்சுவைத் தொகுப்புகள் கதையை விலக்கின. தமிழர் அன்றாடம் காணும் 'நகைச்சுவைத் தொடர்' இவ்விரண்டாம் வெட்டின் விளைபொருள் என்பது இக்கட்டுரையின் கருத்து. தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்த ஜெயமங்கலத்தின் கேட்டல் மரபு இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கதைவசன ஒலிநாடா, தனித்தட நகைச்சுவை, பாடபேதம், ஒலிபெருக்கி, ஜெயமங்கலம், கரகாட்டக்காரன்

முன்னுரை

அமெரிக்கத் தொலைக்காட்சியின் அரைமணி நேரச் சூழல்நகைச்சுவைத் தொடர்கள் மறுஒளிபரப்பின்போது கூடுதல் விளம்பரங்களுக்கு இடமளிக்கும் வகையில் குறைக்கப்படுவது வழக்கம். அக்குறைப்பட்ட வடிவங்களே சிலபோது வீட்டு வெளியீட்டிற்கும் சென்றன. 'ரோஸான்' தொடரின் முதற்பருவம் 2005இல் குறுந்தகடாக வந்தபோது இவ்வாறு நேர்ந்தது. 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' தொடரின் 2007ஆம் ஆண்டு வெளியீட்டில், உரிமம் பெறுவதில் எழுந்த சிக்கலால் பின்னணியில் ஒலித்த பாடல்கள் மாற்றப்பட்டன. 2014இல் வெளிவந்த பதிப்பு அவற்றுள் பலவற்றை மீட்டது. அங்கு முழுமையான ஒரு மூலம் முதலில் உள்ளது. வெட்டு பின்னர் வருகிறது. எனவே மூலத்தை மீட்க வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது.

தமிழில் இவ்வினாவை அப்படியே எழுப்ப இயலாது. காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர், கிரேசி மோகன் முதலியோரின் மேடைநாடக மரபிலிருந்து சென்னைத் தொலைக்காட்சிக்குச் சில தொடர்கள் வந்தன. 1990களின் இறுதியில் 'ரமணி வெர்சஸ் ரமணி' போன்றவை வந்தன. ஆயினும் தமிழில் சூழல்நகைச்சுவையின் பெரும்பகுதி நிகழ்ந்தது திரைப்படத்தின் உள்ளேதான். கதாசிரியர் ஒருவர், நகைச்சுவைப் பகுதியை எழுதுபவர் மற்றொருவர் என்ற தொழிற்பிரிவினை அதற்கு வழிவகுத்தது. என்.எஸ்.கிருஷ்ணன் தம் குழுவினருடன் தாமே அமைத்து அளித்த பகுதிகள் இதற்கு முன்னோடி. ஆதலால் நமக்குரிய வினா இது: இப்பகுதிகள் வீட்டு வெளியீட்டில் வெட்டப்பட்டனவா? வெட்டப்பட்டன எனில், யாரால், எதன் பொருட்டு?

மூன்று நிமிடத் தட்டு

வெட்டின் வரலாறு திரைப்படத்திற்கு முற்பட்டது. விடிய விடிய நடந்த நாடகங்களை 1930களில் இசைத்தட்டு நிறுவனங்கள் பல தட்டுகள் கொண்ட 'நாடக செட்'டுகளாக வெளியிட்டன. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஒலிக்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த ஒரு நாடகம் அவ்வளவில் அடங்க வேண்டுமானால், மேடையில் நடிகர்கள் தர்க்கம் வளர்க்கும் இடங்களும் பபூனின் வருகையும் சுருங்கியே ஆக வேண்டும். நாடகம், இசைத்தட்டு, தொடக்ககாலத் தமிழ்த் திரைப்படம் ஆகிய மூன்றின் உறவை ஸ்டீபன் ஹியூஸ் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். எனினும் அவ்வுறவில் பாட்டு பெற்ற கவனத்தைச் சிரிப்பு பெறவில்லை.

திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமும் ஒருவகை வீட்டுப் பதிப்பே. அதில் கதைச்சுருக்கம் நெருக்கடியான இடத்தில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என முடியும். வெட்டை மறைக்காமல் வணிக உத்தியாகவே அறிவித்த பதிப்பு அது ஒன்றுதான். 'பராசக்தி' (1952), 'மனோகரா' (1954) ஆகியவற்றின் வசனங்கள் அச்சில் வந்தபோது படம் படிக்கும் பொருளாயிற்று, மனப்பாடமாகி மேடையேறியது.

நீள்சுழல் தட்டு வந்தபின் ஒரு பக்கத்திற்கு 20 முதல் 25 நிமிடம் கிடைத்தது. இரண்டரை மணி நேரப் படம், தட்டு ஒன்றின் இரு பக்கங்களில் அடங்க வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். ஒலிநாடாவிலும் கணக்கு பெரிதும் மாறவில்லை: 60 நிமிட நாடாவில் பக்கத்திற்கு 30, 90 நிமிட நாடாவில் 45. காட்சியால் மட்டுமே விளங்குபவை இயல்பாகவே நீங்கின. அதற்கு மேலும் இடம் தேவைப்பட்டபோது, கதைப்போக்கு அறுபடாமல் எடுக்கக்கூடியதாக இருந்தது தனித்தட நகைச்சுவையே. நாயகனின் வீட்டு வேலைக்காரனும் எதிர்வீட்டுக்காரனும் இடும் சண்டையை நீக்கினால் நீதிமன்றக் காட்சிக்கு ஊறு நேராது. 'விதி' (1984) படத்திற்கு ஆரூர்தாஸ் எழுதிய வசனம் ஒலிநாடாவாகித் தேநீர்க்கடைகளில் ஒலித்ததை அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்வர். அவர்கள் நினைவில் நிற்பது வழக்கறிஞராக வரும் சுஜாதாவின் குரல்.

தருமி ஏன் தப்பினான்?

இந்தப் பொதுநிலைக்கு மிகப்பெரும் விலக்கு 'திருவிளையாடல்' (1965). ஏ.பி.நாகராசன் இயக்கிய இப்படம் தனித்தனிக் கதைகளால் ஆனது. ஆகவே தட்டின் பக்கங்களுக்கேற்பப் பிரிப்பதற்கு இயல்பாகவே இசைந்தது. ஆனால் தருமியாக வரும் நாகேஷின் பகுதி நிலைத்ததற்கு அது மட்டும் காரணமாகாது. பின்னணிக் குரல் பதிவின்போது அப்பகுதியைப் பார்த்த சிவாஜி கணேசன், அதில் எதையும் வெட்ட வேண்டாம் என்று கூறியதாக நாகேஷ் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இக்கூற்றில் நாயக நடிகரின் பெருந்தன்மையே பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆய்வாளர் நோக்கில் அதைவிட முதன்மையானது, அப்பகுதி வெட்டப்படலாம் என்ற அச்சம் படமாக்கியவர்களிடமே இருந்தது என்பது.

பரஞ்சோதி முனிவரின் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தில் தருமி இன்றிக் கதையில்லை. பாட்டை வாங்குபவனும் அவையில் கொண்டுசென்று நிறுத்துபவனும் இகழப்பட்டு மீள்பவனும் அவனே. திரைக்கதை நகைச்சுவையை இந்தக் கதைக்கடமையின் மீது ஏற்றியது. தருமியை எடுத்தால் நக்கீரரும் இல்லை, நெற்றிக்கண்ணும் இல்லை. தட்டிலும் நாடாவிலும் அவன் தப்பியதற்கு இதுவே முதற்காரணம் எனக் கருதுகிறேன். அப்பகுதி பெரும்பாலும் வாய்ச்சொல்லால் ஆனது என்பது இரண்டாவது. நாகேஷின் உடல்மொழி ஒலித்தட்டில் இல்லாதபோதும், கோயிலில் தனித்து நின்று புலம்பும் குரல் அவ்வுடலைக் கேட்பவர் மனத்தில் எழுப்பிவிடுகிறது.

ஊசியைத் தூக்கும் கை

'வீட்டு வெளியீடு' என்ற தொடர் நம் ஊர்களைப் பொறுத்தவரை ஓரளவு பொருந்தாச் சொல். பெரியகுளத்திற்கும் வைகை அணைக்கும் இடைப்பட்ட ஜெயமங்கலம், மாவட்டம் 1996இல் பிரிக்கப்படும் வரை மதுரையின் பகுதியாக இருந்தது. பூண்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற வடுகபட்டி அருகில் உள்ளது. இவ்வட்டாரத்தில் இசைத்தட்டும் ஒலிநாடாவும் முதலில் மைக் செட் தொழிலின் உடைமைகள். திருமணம், காதுகுத்து, பூப்புச் சடங்கு, கோயில் கொடை ஆகியவற்றிற்கு மரத்தில் கட்டிய கூம்புக் குழாய் வழி, ஒரு வீட்டின் தட்டை ஊரே கேட்டது. படத்தை ஒருமுறை பார்த்தவர் பலமுறை கேட்டனர். பாராமலே வசனம் முழுதும் அறிந்தவரும் இருந்தனர்.

எனவே இங்கு மூன்றாவது வெட்டு ஒன்று உண்டு. அதைச் செய்பவர் மைக் செட்காரர். மங்கல வீட்டில் அழுகையும் சாபமும் ஒலித்தல் ஆகாது. அவ்விடம் நெருங்குமுன் ஊசி தூக்கப்படும் அல்லது தட்டு மாற்றப்படும். துக்க வீட்டில் சிரிப்பு ஆகாது. கதைவசனத் தட்டு பெரிதும் உருக்கக் காட்சிகளால் நிறைந்தது என்பதை எண்ணினால், திருமண வீட்டிற்கு அதிற் பெரும்பகுதி பயன்படாமற்போகும் முரண் விளங்கும். புராணப் படங்களின் தட்டுகள் அடிக்கடி ஒலித்தமைக்கு இதுவும் ஒரு காரணம். தருமியின் புலம்பல் எந்த மங்கலத்தையும் கெடுப்பதில்லை.

ஒலிநாடா பரவிய 1980களில் இக்கை மேலும் வலுப்பெற்றது. வட இந்திய ஒலிநாடாப் பண்பாடு குறித்துப் பீட்டர் மானுவல் 1993இல் எழுதிய நூல், பதிவுத்தொழில் பெருநிறுவனங்களின் கையிலிருந்து சிறுவணிகரிடம் பரவியதை விளக்குகிறது. தமிழகச் சிற்றூர்களிலும் பாட்டுப் பதியும் கடைகள் எழுந்தன. வெற்று நாடாவையும் தாளில் எழுதிய பட்டியலையும் கொடுத்தால் வேண்டியது பதிந்து கிடைக்கும். பட்டியல் எழுதுபவரே அங்குத் தொகுப்பாசிரியர். ஏட்டைப் படியெடுத்தவர் தமக்கு வேண்டிய படலத்தை மட்டும் எழுதிக்கொண்டதற்கும் இதற்கும் செயலளவில் வேறுபாடு மிகக் குறைவு. சுவடிப் படியில் எழுதினவர் பெயரேனும் சிலபோது இருக்கும்.

கதையிலிருந்து பிரிந்த வாழைப்பழம்

இவ்வட்டாரத்தின் இரு படங்களை ஒப்பிடுவது பயன் தரும். அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) படத்தில் கவுண்டமணி, பரட்டையின் எடுபிடியாக வருகிறார். அவர் எழுப்பும் சிரிப்பு சப்பாணியை அவமானப்படுத்தும் செயலின் ஓர் உறுப்பு. அதைத் தனியே எடுத்தால் கொடுமைதான் எஞ்சும், நகைச்சுவை எஞ்சாது. ஆகவே அது எத்தொகுப்பிலும் எளிதில் பொருந்துவதில்லை.

பண்ணைப்புரத்துக் கங்கை அமரன் இயக்கி, இளையராஜா இசையமைத்த 'கரகாட்டக்காரன்' (1989) மாறான நிலையைக் காட்டுகிறது. இதன் நகைச்சுவைப் பகுதி ஏ.வீரப்பன் எழுதியது. இரண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொன்ன கவுண்டமணிக்குச் செந்தில் ஒன்றை மட்டும் தரும் காட்சி, ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் தொலைக்காட்சித் துணுக்கிலும் இணையத்திலும் படத்தினின்று பிரிந்து வாழ்கிறது. படத்தையே பாராத தலைமுறைக்கும் அது தெரியும்.

பொருளியற் காரணமும் உண்டு. ஒளிக்குறுந்தகடு ஒன்றில் ஏறத்தாழ 74 முதல் 80 நிமிடமே அடங்கும். முழுப்படத்திற்கு இரண்டோ மூன்றோ தேவை. பல படங்களின் நகைச்சுவையைத் தொகுத்தாலோ ஒரு தகடு போதும். 2007 அளவில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் தகடுகளை விற்கத் தொடங்கியதும் விலை தடையாக இல்லாமற்போயிற்று. 2009இல் 'ஆதித்யா' முழுநேர நகைச்சுவை அலைவரிசையாகத் தொடங்கியது. இத்தொகுப்புகளில் கவுண்டமணியும் செந்திலும் வெவ்வேறு படங்களில் வெவ்வேறு பெயர் பூண்டவர்களாகத் தோன்றுவதில்லை. அதட்டுபவரும் அடிபடுபவருமாகிய அதே இருவர், இன்று ஒரு தொழில், நாளை ஒரு தொழில். நிலையான மாந்தர், மாறும் சூழல், இறுதியில் எதுவும் மாறாமை ஆகிய மூன்றும் சூழல்நகைச்சுவைத் தொடரின் இலக்கணம் எனில், தமிழில் அவ்வகையை ஆக்கியவர் எழுத்தாளரும் இயக்குநரும் அல்லர். பெயர் அறியப்படாத வெட்டுநரே.

இதனால் இழந்தது யாது? 'கரகாட்டக்காரன்' படத்தில் அவ்விருவரும் ஒரு கரகக் குழுவின் வாத்தியக்காரர்கள். ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைக்கும் குழு அது. பழைய மகிழுந்து ஒன்றை வாங்கி அதைத் தள்ளிக்கொண்டு போவது அத்தொழிலின் நிலையைக் காட்டுவது. வெளியில் மதிப்பற்ற கலைஞன் தன் குழுவுக்குள் ஒருவனிடமேனும் அதிகாரம் செலுத்த முனைவதாகவும் அவ்வாழைப்பழக் காட்சியை வாசிக்க இயலும். மதுரை, தேனி வட்டாரக் கரகாட்டக் கலைஞர்களின் வாழ்வை அறிந்தவர்க்கு இவ்வாசிப்பு மிகையாகத் தோன்றாது. தொகுப்பில் கரகமும் இல்லை, குழுவும் இல்லை. இரண்டு பழமும் ஓர் அறையும் உள்ளன.

சான்றாகும் பாடம்

திரைப்பட வசனத்தைச் சான்றாகக் கொள்ளும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பெருகியுள்ளன. அவற்றுள் மேற்கோளின் மூலமாகப் படத்தின் பெயரும் ஆண்டும் தரப்படுகின்றன. எவ்வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் தரப்படுவதில்லை. சங்கப்பாடல் ஒன்றை மேற்கோள் காட்டுபவர் உ.வே.சா. பதிப்பா, வையாபுரிப்பிள்ளை பதிப்பா என்று குறிக்கக் கடமைப்பட்டவர். திரைவசனத்திற்கு அக்கடமை ஏன் இல்லை?

தணிக்கை வெட்டுகளுக்கேனும் ஆவணம் உண்டு. சான்றிதழின் இரண்டாம் பகுதி நீக்கப்பட்டவற்றையும் அவற்றின் நீளத்தையும் பட்டியலிடும். 1983ஆம் ஆண்டின் சான்றளிப்பு விதிகளுள் 33ஆம் விதி, சான்று பெற்றபின் படத்தில் செய்யும் மாற்றத்தை வாரியத்திடம் தெரிவிக்கப் பணித்தது. அவ்விதி திரையிடப்படும் படத்திற்குரியது. ஒலித்தட்டையும் ஒலிநாடாவையும் அது தொடவில்லை. ஆகவே ஒரு படத்தின் ஒலிவடிவத்தில் எந்நகைச்சுவை நீங்கியது என்பதை அறிய, எஞ்சிய தட்டையும் படப்பிரதியையும் நிமிடம் நிமிடமாக ஒப்பிட்டுக் கேட்பதொன்றே வழி. பல படங்களின் நல்ல பிரதிகள் அழிந்துவரும் நிலையில் அவ்வொப்பீட்டிற்கு உரிய காலம் குறுகிக்கொண்டு வருகிறது.

இவ்வொப்பீட்டை வட்டார அளவில் தொடங்குவது எளிது. தொழிலை விட்ட மைக் செட் கடைகளின் பரண்களில் தட்டுகளும் நாடாக்களும் இன்னும் உள்ளன. அவற்றைத் திரட்டும்போது நிறுவனங்கள் அச்சிட்ட நாடாக்களோடு, கடைகளில் பதிந்த நாடாக்களையும் சேர்க்க வேண்டும். உறைமேல் பேனாவால் எழுதிய பட்டியல்களையும் படியெடுக்க வேண்டும். எந்தச் சடங்கிற்கு எப்பகுதி ஒலித்தது, எது தவிர்க்கப்பட்டது என்பதைச் சொல்ல வல்லவர்கள் முதுமையடைந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டுப் பதிவதே முதற்பணி.