மின்னஞ்சல் விளம்பரமும் பெறுநர் இசைவும்

மின்னஞ்சல் விளம்பரம் என்பது ஒரு நிறுவனம் தன் பொருளையோ சேவையையோ பற்றிய செய்தியை மின்னஞ்சல் வழியாக ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவதாகும். பெறுபவரின் இசைவு இல்லாமல் மொத்தமாக அனுப்பப்படும் மடல் எரிதம் எனப்படுகிறது. பேச்சுவழக்கில் ஸ்பேம் என்போம். முறையான விளம்பரத்துக்கும் எரிதத்துக்கும் இடையே இன்று ஒரு கோடு இருக்கிறது. தொடக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. சண்டைகளாலும் வழக்குகளாலும் சட்டங்களாலும் சிறிது சிறிதாக வரையப்பட்ட கோடு அது. ஒரு துணிக்கடையோ வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவரோ வாடிக்கையாளர்களுக்கு மடல் அனுப்பும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் எல்லாம் அந்த வரலாற்றிலிருந்து வந்தவைதாம்.

முதல் மடல்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அர்ப்பாநெட் வலையமைப்பில் 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் முறையை உருவாக்கினார். ஏழு ஆண்டுகள் அது ஆய்வாளர்களின் கருவியாகவே இருந்தது. 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனை மேலாளர் கேரி துர்க் அதில் ஒரு விளம்பரத்தை அனுப்பினார். அமெரிக்காவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த அந்நிறுவனத்தை மேற்குக் கரையில் அவ்வளவாக யாரும் அறிந்திருக்கவில்லை. டெக்சிஸ்டம்-20 என்ற புதிய கணினியைக் கலிபோர்னியாவில் இரண்டு இடங்களில் காட்சிக்கு வைக்க ஏற்பாடாகியிருந்தது. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைப்பதைவிட ஒரே மடலில் எல்லோரையும் அழைத்துவிடலாம் என்று துர்க் எண்ணினார்.

அக்காலத்தில் அர்ப்பாநெட் பயனர்களின் முகவரிகள் அச்சிட்ட புத்தகமாகவே கிடைத்தன. அதிலிருந்து ஏறத்தாழ 400 முகவரிகள் எடுக்கப்பட்டு, கையால் தட்டச்சு செய்யப்பட்டன. மென்பொருளால் அத்தனை முகவரிகளைத் தாங்க முடியவில்லை. எஞ்சியவை மடலின் உடற்பகுதிக்குள் வழிந்து, விளம்பரத்துக்கு மேலேயே நீண்ட பட்டியலாக நின்றன. இந்த வலையமைப்பு அரசுப் பணிக்கு மட்டுமே உரியது, இது அப்பட்டமான விதிமீறல் என்று நிர்வாகம் கண்டித்தது. புதிய கணினியைப் பற்றி அறிவது ஆய்வாளர்களுக்கு நல்லதுதானே என்று வாதாடியவர்களும் இருந்தனர். அந்த மடலால் தம் நிறுவனத்துக்குப் பல மில்லியன் டாலர் விற்பனை கிடைத்ததாகத் துர்க் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்காத மடல் பயன் தராது என்பதால் யாரும் அதை எதிர்க்கவில்லை; பயன் தரும் என்பதாலேயே அது பெருகியது.

பெயர் வந்த கதை

ஸ்பேம் என்பது ஹார்மெல் நிறுவனம் 1937-இல் அறிமுகப்படுத்திய டப்பா இறைச்சியின் பெயர். மான்டி பைத்தான் என்ற ஆங்கில நகைச்சுவைக் குழு 1970-இல் நடித்த ஒரு காட்சியில், உணவகத்தில் எந்தப் பண்டத்தைக் கேட்டாலும் அந்த இறைச்சி சேர்ந்தே வரும். அதன் பெயரைச் சொல்லிப் பாடும் கூட்டம் மற்றவர் பேச்சையும் அமுக்கிவிடும். கணினிக் குழுக்களில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டு உரையாடலை மூழ்கடிப்பதற்கு இளைஞர்கள் இப்பெயரை இட்டனர்.

1994 ஏப்ரலில் அரிசோனா மாநிலத்தின் வழக்கறிஞர் இணையரான லாரன்ஸ் கான்டர், மார்த்தா சீகல் ஆகியோர் அமெரிக்கக் குடியேற்றக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஒரு விளம்பரத்தை யூஸ்நெட்டின் 5,000-க்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் போட்டனர். எதிர்ப்பு மடல்கள் குவிந்து, அவர்களுக்கு இணைப்பு அளித்த நிறுவனத்தின் கணினிகள் செயலிழந்தன. அவர்களோ இணையத்தில் பணம் சேர்ப்பது எப்படி என்று ஒரு நூலே எழுதினார்கள். கான்டர் 1997-இல் டென்னசி மாநிலத்தில் வழக்கறிஞர் உரிமையை இழந்தார். அதற்கான காரணங்களுள் இந்த விளம்பரமும் ஒன்று.

யார் செலவு?

அதே 1997-இல் ஒகாயோவில் இருந்த ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் கம்ப்யூசர்வ் நிறுவனம் தொடுத்த வழக்கில் சைபர் புரமோஷன்ஸ் என்ற எரித நிறுவனத்துக்குத் தடை விதித்தது. பிறர் உடைமையான கணினிகளை அவர்கள் மறுத்த பின்னும் பயன்படுத்துவது அத்துமீறல் என்பதே அதன் அடிப்படை. அஞ்சலில் வரும் விளம்பரத்துக்கு அனுப்புகிறவர் தபால்தலை ஒட்டுகிறார். மின்னஞ்சலிலோ செலவின் பெரும்பகுதி பெறுகிறவர் தலையில் விழுகிறது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கிய பின், தொலைபேசி வழியே இணைந்து, மீட்டர் ஓடிக்கொண்டிருக்க ஒவ்வொரு மடலாக இறக்கிப் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சட்டங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வெளியிட்ட நெறிமுறை, தனிநபருக்கு விளம்பர மடல் அனுப்புமுன் இசைவு பெற வேண்டும் என்றது. முன்பே பொருள் வாங்கிய வாடிக்கையாளருக்கு அதையொத்த பொருள்களைப் பற்றி எழுதலாம் என்று ஒரு விலக்கும் அளித்தது. அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 2004 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேன்-ஸ்பேம் சட்டம் முன் இசைவு கேட்கவில்லை. அனுப்புநர் பெயரிலும் தலைப்பிலும் பொய் கூடாது, அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்றவருக்கு 10 வேலை நாட்களுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று மட்டும் விதித்தது. 'எரிதம் அனுப்பலாம்' என்று பொருள்படும்படி அச்சட்டத்தின் பெயரையே கேலி செய்தோர் உண்டு. அக்கேலியில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. 2014 சூலை 1 முதல் செயற்பட்டுவரும் கனடாவின் சட்டம் மிகக் கண்டிப்பானது. இசைவு பெற்றதை மெய்ப்பிக்கும் பொறுப்பை அது அனுப்புபவர் மேலேயே வைக்கிறது.

இந்தியாவில் எரிதத்துக்கென்று தனிச்சட்டம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தடைப் பதிவேடு அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் பற்றியது. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

வடிகட்டிகளும் சிறு வணிகரும்

சட்டத்தைவிட வேகமாக வேலை செய்தவை வடிகட்டிகள். 2002-இல் பால் கிரகாம் எழுதிய ஒரு கட்டுரை, சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிட்டு எரிதத்தைப் பிரிக்கும் முறையைப் பரவலாக்கியது. இன்று வடிகட்டிகள் சொற்களை மட்டுமன்றி அனுப்புநரின் நற்பெயரையும் பார்க்கின்றன. எத்தனை பேர் 'இது ஸ்பேம்' என்று குறித்தார்கள், எத்தனை மடல்கள் இல்லாத முகவரிக்குப் போயின என்பவை அந்த அனுப்புநரின் களப்பெயர்மீது கணக்காக ஏறுகின்றன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், யாகூ ஆகியவை மொத்தமாக அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் அமைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும். முறையீட்டு விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது.

சிறு கடைக்கு அவ்வளவு மடல் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் நற்பெயர்க் கணக்கு எல்லோருக்கும் உண்டு. அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய மெயில்சிம்ப், சென்னையில் வேரூன்றிய சோகோ நிறுவனத்தின் கேம்பெய்ன்ஸ் போன்ற சேவைகள் சிறு வணிகருக்கு இக்கருவிகளைக் கைக்கெட்டச் செய்தன. அங்கே பல வணிகர்கள் ஒரே வழங்கியைப் பகிர்ந்துகொள்வதால், ஒருவர் வாங்கிய பட்டியல் மற்றவர்களின் மடல்களையும் கெடுக்கும். விலைக்கு வாங்கிய முகவரிகளை இச்சேவைகள் ஏற்காததற்கு இதுவே காரணம்.

என் பழைய மாணவர் ஒருவர் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறார். யாரோ விற்ற முகவரிப் பட்டியலை வாங்கி ஒரு தீபாவளிக்குத் தள்ளுபடி மடல் அனுப்பினார். கடைக்கு ஆள் வரவில்லை. மாறாக, நெடுநாள் வாடிக்கையாளர்களுக்கு அவர் அனுப்பும் ரசீதுகளும் விலைப்பட்டியல்களும் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழத் தொடங்கின. 'பில் அனுப்பவே இல்லையே' என்று அவர்கள் கேட்டபோதுதான் இவருக்கு விஷயம் தெரிந்தது. பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. இப்போது கல்லாவின் அருகே கோடு போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. மடல் வேண்டும் என்பவர் தம் கையாலேயே பெயர், முகவரி, தேதி மூன்றையும் எழுதுகிறார். அன்றிரவே அந்த முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடல் போகும். அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கியவரை மட்டுமே அவர் பட்டியலில் சேர்க்கிறார். விலகியவர்களின் பெயரில் சிவப்பு மையால் ஒரு கோடு. நான் கடைசியாகப் பார்த்தபோது அந்த நோட்டில் இருநூறு பேர்கூட இல்லை.