மோலியின் சாளரம் – கெர்ட்ரூட் பெர்க்கின் கலைவாழ்வு

அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் குடும்பத் தொடர்களைப் பற்றி எழுதப் புகுவோர் 1951 அக்டோபரில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’யையும் அதன் நாயகி லூசில் பாலையும் முதற்கண் நிறுத்துவது வழக்கம். அதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1949 சனவரியில், அதே சி.பி.எஸ். நிறுவனத்தின் திரையில் ஒரு யூதக் குடும்பத் தலைவி சாளரத்தின் வழியே தலைநீட்டிப் பேசத் தொடங்கியிருந்தாள். அவள் பெயர் மோலி கோல்ட்பெர்க். அவளாக நடித்தவர் கெர்ட்ரூட் பெர்க். நடித்தவர் மட்டும் அல்லர். அத்தொடரை எழுதியவரும் அவரே.

1899 அக்டோபர் 3ஆம் நாள் நியூயார்க் நகரில் எடெல்ஸ்டைன் என்னும் யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் கோடை விடுதி ஒன்றை நடத்தினார். மழை பெய்து விருந்தினர் அறைக்குள் முடங்கும் நாட்களில் சிறு நாடகங்களை எழுதி நடித்துக் காட்டுவது மகளின் வேலையாயிற்று. விருந்தினர் பொழுதுபோகாமல் ஊர் திரும்பிவிட்டால் விடுதிக்கு இழப்பு. கலைக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் உள்ள உறவை அவர் அங்கேயே கற்றிருத்தல் வேண்டும். 1918இல் பொறியாளர் லூயிஸ் பெர்க்கை மணந்து, கணவரின் பணி காரணமாக லூசியானாவின் கரும்புத் தோட்டப் பகுதிக்குச் சென்றார். பின்னர் குடும்பம் நியூயார்க் திரும்பியபோது எழுத்தையே தொழிலாகக் கொள்ளத் துணிந்தார்.

அவருடைய வானொலி நாடகம் 1929 நவம்பர் 20 அன்று என்.பி.சி.யில் தொடங்கியது. பங்குச் சந்தை சரிந்து ஒரு மாதம்கூட நிறைவுறாத நேரம் அது. வாரத்துக்கு 75 டாலர் ஊதியம். உடன் நடிப்போர்க்கும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும். வேலையிழந்தோர் நிறைந்த நாட்டில், கடனும் கவலையும் கொண்ட ஓர் எளிய குடும்பத்தின் அடுக்களைப் பேச்சைக் கேட்க மக்கள் நாள்தோறும் காத்திருந்தனர். முட்டை உடைக்கும் ஒலி வேண்டுமெனில் ஒலிபரப்புக் கூடத்தில் மெய்யாகவே முட்டையை உடைக்கச் செய்தவர் பெர்க்.

மோலியின் மொழி தனித்து ஆராயத்தக்கது. இத்திஷ் மொழியின் தொடரமைப்பில் ஆங்கிலச் சொற்களைப் பெய்த பேச்சு அது. சொற்கள் இடம் மாறும், பழமொழிகள் தலைகீழாகும், பொருள் மட்டும் பிழைபடாது. மேடையில் யூதரை எள்ளி நகையாடுவதற்கென்றே பயன்பட்டு வந்த கொச்சையை அவர் அன்பின் மொழியாக மாற்றினார். வட்டார வழக்கில் எழுதுவோர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். செர்மனியில் யூதர் கடைகளும் தொழுகைக் கூடங்களும் நொறுக்கப்பட்ட 1938 நவம்பருக்கு அடுத்த ஏப்ரலில், பாஸ்கா விருந்துக் காட்சி ஒன்றை அவர் எழுதினார். வழிபாட்டின் நடுவே சாளரத்தை உடைத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே விழுகிறது, வழிபாடு தொடர்கிறது. நகைச்சுவைத் தொடர் என்று ஒதுக்குவோர் இந்தக் கல்லை நினைவிற்கொள்ளல் நன்று.

தொலைக்காட்சிக்கு வந்தபின் மோலி சாளரத்தில் சாய்ந்தபடி நேயர்களிடம் பேசுவாள். விளம்பரதாரரான ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தின் சாங்கா காப்பியையும் அங்கிருந்தே பரிந்துரைப்பாள். விளம்பரம் எங்கு முடிந்து கதை எங்குத் தொடங்குகிறது என்று பிரித்தறிதல் அரிது. 1951 சனவரியில் சிறந்த நடிகைக்கான எம்மி விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. ஆயினும் அதே ஆண்டின் கோடையில் சி.பி.எஸ். அத்தொடரை நிறுத்தியது.

காரணம் மோலியின் கணவன் ஜேக். அவ்வேடம் தாங்கிய பிலிப் லோப் நடிகர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். 1950 சூனில் ‘ரெட் சேனல்ஸ்’ என்னும் வெளியீடு, பொதுவுடைமைச் சார்புடையோர் எனக் கலை, ஒலிபரப்புத் துறைகளைச் சேர்ந்த 151 பேரைப் பட்டியலிட்டது. அதில் லோபின் பெயரும் இருந்தது. தாம் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லர் என அவர் மறுத்தார். வழக்கில்லை, விசாரணையில்லை, அச்சில் பெயர் வந்ததே போதுமானதாயிற்று. அவரை நீக்குமாறு விளம்பரதாரர் வற்புறுத்த, பெர்க் மறுத்தார். அவரை நீக்கினால், அந்நிறுவனப் பொருள்களை வாங்க வேண்டா என நாடெங்கும் சென்று பேசப்போவதாகவும் எச்சரித்தார். எச்சரிக்கை சில காலம் பயன் தந்தது. பின்னர் விளம்பரதாரர் விலகினார், நிறுவனமும் கைவிட்டது. லோபுடன் தொடரை ஏற்க எவரும் முன்வரவில்லை. தொடரை நம்பிப் பிழைத்த பிற நடிகர்களும் பணியாளர்களும் வேலையின்றி நின்றனர்.

1952 சனவரியில் லோப் உடன்படிக்கையின்பேரில் விலகினார். அடுத்த மாதமே தொடர் என்.பி.சி.யில் மீண்டும் தொடங்கியது. ஜேக் வேறொருவர்.

பெர்க் பணிந்துவிட்டார் என்று சொல்வது எளிது. ஒன்றரை ஆண்டுக் காலம், புகழின் உச்சியில் நின்ற தொடரையே பணயம் வைத்து அவர் மறுத்தார் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அத்தகைய துணிவைப் பெரு நிறுவனங்கள் காட்டவில்லை. எனினும் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தாம் படைத்தளித்த ஒரு குடும்பத்தில், ஒவ்வொரு சொல்லும் தம் கையெழுத்தாக இருந்த ஒரு வீட்டில், கணவன் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் அந்த எழுத்தாளருக்கு இல்லாது போயிற்று. நோயுற்ற மகனின் மருத்துவச் செலவுக்கும் வழியின்றித் தவித்த லோப், 1955 செப்டம்பர் 1 அன்று நியூயார்க் விடுதியொன்றில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அதே 1955இல் தொடங்கிய இறுதிப் பருவத்தில் மோலியின் குடும்பம் பிராங்க்ஸின் நெருக்கமான அடுக்குமாடியை விட்டு ஹேவர்வில் என்னும் கற்பனைப் புறநகருக்குக் குடிபெயர்ந்தது. அண்டை வீட்டாரைக் கூவி அழைக்கும் அந்தச் சாளரத்துக்கு அங்கே பொருளில்லை. தொடரின் உயிரும் குன்றியது. மேடை பெர்க்கைக் கைவிடவில்லை. ‘எ மெஜாரிட்டி ஆஃப் ஒன்’ நாடகத்தில், ஜப்பானிய வணிகர் ஒருவருடன் நட்புக் கொள்ளும் யூதக் கைம்பெண்ணாக நடித்து 1959இல் டோனி விருது பெற்றார். 1966 செப்டம்பர் 14 அன்று மறைந்தார்.

நேரலையாக ஒளிபரப்பான தொடக்கக்காலப் பகுதிகளுள் திரையிலிருந்து படமெடுத்துக் காத்த சிலவே இன்று எஞ்சியுள்ளன. லோபை ஜேக்காகக் காண அவற்றையே நாட வேண்டும். படச்சுருளிலேயே எடுக்கப்பட்ட ஹேவர்வில் பருவத்தில் அவர் இல்லை.