காடி தொட்டு வைத்த கணக்கு

நாங்கள் நர்ஸிங் படித்தபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சொல்லித்தந்தது பாப் ஸ்மியர் ஒன்றைத்தான். சுரண்டியெடுத்து, ஸ்லைடில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பாபனிகோலாவ் நியூயார்க்கில் அதை விளக்கி எழுதியது 1941இல். என் கிராமங்களிலோ, ஸ்லைடு டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தம்மா களையெடுக்கப் போயிருப்பார். மறுபடி கூப்பிட்டால் வரமாட்டார்.

அப்போதுதான் வினிகர் பேச்சு வந்தது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தொட்டு வைத்து ஒரு நிமிஷம் பொறுத்தால், கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். "ஊறுகாய்க்கு ஊத்துற காடியவா அங்க வைப்பீங்க?" என்றார் என் சித்தி. எனக்கும் சந்தேகம்தான். வெறும் புண் இருந்தாலும் வெளுக்குமே! தவிர, நோயை முன்னதாகக் கண்டுபிடித்துவிட்டால் ஆயுள் நீண்டதுபோலக் கணக்கில் தெரியும். சாகும் நாள் மாறாமலே இருக்கலாம். எத்தனை பேருக்குக் கண்டுபிடித்தோம் என்பதைவிட, எத்தனை பேர் சாகாமலிருந்தார்கள் என்பதைத்தான் எண்ண வேண்டும்.

எண்ணியது எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனையும் பிரான்ஸ் லியோனிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து மாவட்டத்தில் 114 பகுதிகளைக் குலுக்கிப்போட்டன. 57இல் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் சோதனை. மற்ற 57இல் விழிப்புணர்வும் வழக்கமான சிகிச்சையும் மட்டும். 2000 முதல் 2003 வரை 31,343 பேரை நர்சுகளே சோதித்தார்கள். 3,088 பேருக்கு வெளுத்தது. தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையையும் நர்சுகளே கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: சோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் சாவது 35% குறைவு.

சோதிக்காமல் விட்ட பக்கத்தில் 30,958 பெண்கள். அவர்களில் 92 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அவர்களுக்கும் அந்தப் பஞ்சை வைத்திருக்கலாமே என்று பின்னாளில் கண்டித்து எழுதியவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் இல்லாமல் 35 என்ற எண்ணும் இல்லை.

ஆனால் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் நடந்த இன்னொரு ஆய்வில் வினிகர் இவ்வளவு கைகொடுக்கவில்லை. இந்த நோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைத் தேடி ஒரே முறை செய்த சோதனைதான் சாவைப் பாதியாக்கியது. அந்த முடிவு 2009இல் வந்தது. இப்போது உலகச் சுகாதார நிறுவனமும் எச்பிவியைத்தான் முதலில் சொல்கிறது. அது உங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். சித்தியை நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போனேன். உங்கள் வீட்டில் யாரை என்று நீங்கள் பாருங்கள்.