யா மரமும் நாகசுரமும்

குறுந்தொகையின் 37ஆம் பாடலில் ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரித்துப் பெண் யானையின் பசியைத் தீர்க்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் அப்பாடலை அன்பின் இலக்கணமாகவே படித்து வந்திருக்கிறோம். அந்த மரம் எது என்று நாம் கேட்டதில்லை. இன்று ஆச்சா என வழங்குவதே அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதன் நார்ப்பட்டையில் உழவர் கயிறு திரித்ததுண்டு. பட்டையை யானையும் உழவரும் கொண்டனர். வைரத்தை இசை கொண்டது.

ஆச்சாவின் வைரம் கருஞ்சிவப்பு நிறத்தது. உலர்ந்த பின்னும் நீரில் மூழ்கும் கனமுடையது. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் உளி விரைவில் மழுங்கும். பச்சை மரத்தைக் கடைந்தால் உலரும்போது வெடிக்கும், வளையும். நாகசுரக் குழலின் உட்துளையோ மேலே குறுகிக் கீழே விரிவது. அது சற்றே திரிந்தாலும் சுரம் பிசகும். வாசிப்பவரின் மூச்சு ஈரம் வேறு நாள்தோறும் அதை நனைக்கும். எனவே இனி அசையாது என்று நம்பத்தக்க மரமே அதற்கு வேண்டும்.

தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் அத்தகைய மரத்தைப் பழைய வீடுகளில் கண்டனர். இடிக்கப்படும் வீட்டின் தூணும் விட்டமும் பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கியவை. அவற்றை வாங்கி அறுத்து, கடைசலில் உருட்டி, நடுவே துளைத்து, விரல் துளைகள் ஏழையும் சுருதி பார்த்துத் திறப்பர்.

உச்சச் சுருதி கொண்ட திமிரி வழங்கிய காலத்தில், நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தை நிலைநாட்டியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). சுத்த மத்தியமம் செம்மையாகப் பேசும் பாரியை அவருக்குச் செய்தளித்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வாசித்தவரை நாடறியும். கடைந்தவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆயினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றி மரத்தைத் தராது. ஆச்சா மெல்ல வளர்வது. அதைக் கொண்டு கட்டிய வீடுகளோ ஒருமுறைதான் இடியும். இரும்பும் சிமெண்டுமாக நாம் இன்று எழுப்பும் வீடுகளில் நாளைய ஆசாரிக்கு எடுக்க ஒன்றுமில்லை. இன்று ஊன்றும் கன்று வைரம் ஏறி, வெட்டுண்டு, உலர்ந்து, குழலாவதற்குள் நம் பேரர் காலம் வந்துவிடும். அதனாலேயே இன்று ஊன்ற வேண்டும்.