கொர்வெற்றிலிருந்து காவற் கப்பலுக்கு: அயர்லாந்துக் கடற்படையின் முதல் மூன்று கப்பல்கள், 1946–1972

1921 ஆம் ஆண்டு இலண்டனிற் கைச்சாத்திடப்பட்ட ஆங்கில - ஐரிஷ் உடன்படிக்கையை ஆராய்வோர், பிரிவினை பற்றியும் முடிக்குரிய விசுவாசப் பிரமாணம் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். அதன் ஆறாவது உறுப்புரை அத்துணை கவனம் பெறவில்லை. அயர்லாந்தின் கரையோரப் பாதுகாப்பு, வேறோர் ஒழுங்கு செய்யப்படும்வரை, பிரித்தானியப் படைகளின் பொறுப்பிலேயே இருக்கும் என்றது அவ்வுறுப்புரை. சுங்க வருவாயையும் மீன்பிடியையும் காப்பதற்குத் தேவையான கப்பல்களை மட்டும் புதிய அரசு வைத்துக்கொள்ளலாம். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவொன்றிலே தோன்றிய அரசுக்குக் கடல் மறுக்கப்பட்டது என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

அந்த அனுமதியின் கீழ் அயர்லாந்து நெடுங்காலம் வைத்திருந்த கப்பல் ஒன்றே. அதன் கதையோ விசித்திரமானது. 1908 இல் டப்ளினிலே கட்டப்பட்ட ‘ஹெல்கா’ என்னும் அக்கப்பல், 1916 ஆம் ஆண்டின் ஈஸ்ரர் எழுச்சியின்போது பிரித்தானியர் கையிலிருந்து டப்ளின் நகர்மீது குண்டு வீசியது. அதே கப்பலைச் சுதந்திர அரசு பின்னர் வாங்கி, ‘கடல் வேட்டைநாய்’ எனப் பொருள்படும் ‘முயிர்க்கூ’ என்ற பெயரைச் சூட்டி, மீன்பிடிக் காவலுக்கு அமர்த்தியது. 1938 இல் கோவ், பெயர்ஹேவன், லொக் சுவில்லி ஆகிய துறைமுகங்களைப் பிரித்தானியா கையளித்தபோது, அவற்றைக் காப்பதற்கு அயர்லாந்திடம் கடற்படை என்று சொல்லத்தக்கதொன்று இருக்கவில்லை. அடுத்த ஆண்டே போர் மூண்டது. நடுநிலை வகித்த அந்நாடு, சில இயந்திரப் படகுகளையும் பழைய கலங்களையும் கரையோரக் கண்காணிப்பாளரையும் கொண்டே அப்போர்க்காலத்தைக் கடந்தது. இவ்வனுபவத்தின் விளைவாகவே 1946 செப்டெம்பரில் நிரந்தரக் கடற்படைச் சேவை நிறுவப்பட்டது. அதற்கெனப் பிரித்தானியாவிடமிருந்து வாங்கப்பட்டவை மூன்று கொர்வெற்றுக்கள்.

கொர்வெற் என்னும் கப்பல்வகை எத்தகையது என்பதை இவ்விடத்துச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். பின்னர் நேர்ந்தவற்றுக்கெல்லாம் விளக்கம் அதன் அமைப்பிலேயே உள்ளது. போர் நெருங்கியவேளை, வணிகக் கப்பல்களுக்குத் துணைசெல்லும் கலங்கள் பிரித்தானியாவுக்குப் பெருந்தொகையில் தேவைப்பட்டன. பெரிய கப்பல்தளங்கள் பிற வேலைகளில் மூழ்கியிருந்தன. ஸ்மித்ஸ் டொக் நிறுவனத்தின் வில்லியம் றீட் என்பவர், திமிங்கில வேட்டைக் கப்பலொன்றின் அமைப்பைத் தழுவிப் புதிய வடிவமொன்றை வரைந்தார். சிறு தளங்களும் கட்டக்கூடிய வடிவம் அது. நீளம் 205 அடி, எடை ஏறத்தாழ 925 தொன், ஒரே சுழலி, வணிகக் கப்பல்களிற் பழகிய எவரும் இயக்கக்கூடிய பழைய வகை நீராவி இயந்திரம், வேகம் மணிக்கு 16 கடல்மைல். நீர்மட்டத்தின் மேல் ஓடும் ஜேர்மன் நீர்மூழ்கி இதனிலும் விரைவானது. முன்புறத்தில் நான்கங்குலப் பீரங்கி ஒன்று, பின்புறத்தில் ஆழ்நீர்க் குண்டுகள் என்பனவே முதன்மையான படைக்கலங்கள். பூக்களின் பெயர் பெற்ற இவ்வகைக் கப்பல்கள் பிரித்தானியாவிலும் கனடாவிலுமாக 250க்கு மேற் கட்டப்பட்டன. அத்திலாந்திக்கின் அலைகளில் அவை மூழ்காது மிதந்தன என்பது உண்மை. ஆயின் உள்ளிருந்தோர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஈரப் புல்லிற்கூட உருளும் கப்பல் என்று மாலுமிகள் எள்ளியதிற் பெரிய மிகையில்லை.

இவ்வகைக் கப்பலொன்றின் முடிவு எமது கடலோடும் தொடர்புடையது. 1942 ஏப்பிரில் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலை அமிழ்த்தியமை பலரும் அறிந்ததே. அன்றே அக்கடற்பரப்பில் அமிழ்ந்த ‘ஹொலிஹொக்’ ஒரு கொர்வெற் என்பதை அறிந்தோர் சிலரே.

அயர்லாந்து வாங்கிய மூன்றும் 1941 இல் ஸ்கொட்லாந்திலே நீரில் இறக்கப்பட்டவை. ‘பொறேஜ்’, ‘ஒக்ஸ்லிப்’, ‘பெல்வேட்’ என்னும் பூப்பெயர்கள் நீங்கி முறையே ‘மாஹா’, ‘மேவ்’, ‘கிளியோனா’ என்னும் பெயர்கள் சூட்டப்பட்டன. போர்த்தெய்வம், கொனாற்று நாட்டின் அரசி, தென்கரை அலைகளோடு இணைத்துப் பேசப்படும் தேவமகள் என மூவரும் ஐரிஷ் தொன்மங்களில் வருவோர். தாய்மொழியையும் தொன்மத்தையும் அரச வாழ்வின் ஒவ்வொரு துறையிலும் மீட்கமுயன்ற தேசியத்தின் குரலை இப்பெயர்களிற் கேட்கிறோம். ஆயினும் பெயர் மாறியதேயன்றி இயந்திரம் மாறவில்லை. சேவையின் முதற் பணிப்பாளரும் ஓய்வுபெற்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஒருவரே. 1949 இல் ‘பிளையிங் பிஷ்’ என்ற பிரித்தானியக் கண்ணிவாரிக் கப்பல் ‘விஜய’ எனப் பெயர்பெற்று இலங்கைக்கு வந்ததை நினைவுகூர்வோர்க்கு, புதிய அரசுகளின் இந்நிலை வியப்பளிக்காது.

‘மாஹா’வின் பெயர் நிலைத்தமைக்குக் காரணம் போருமன்று, மீன்பிடிக் காவலுமன்று. கவிஞர் டபிள்யூ. பி. யேற்ஸ் 1939 சனவரியில் தென்பிரான்சில் காலமாகி, றொக்புறூனிலே அடக்கம் செய்யப்பட்டார். தம் உடல் சிலைகோ மாவட்டத்து டிறம்கிளிவ்வில் இறுதியாகச் சேரவேண்டும் என்பது அவர் விருப்பம். போர் அதற்குத் தடையாயிற்று. 1948 செப்டெம்பரில் அரசு ‘மாஹா’வை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியது. ஜிப்ரோல்ற்றர் வழியாகத் திரும்பிய கப்பல் கோல்வே துறையை அடைந்தது. 17 ஆந் திகதி டிறம்கிளிவ்விலே மீளடக்கம் நடந்தது. அவ்வேளை வெளிவிவகார அமைச்சராக இருந்தவர் ஷோன் மக்பிறைட். யேற்ஸ் வாழ்நாள் முழுதும் காதலித்த மோட் கொன்னின் மகன். சில மாதங்களுள் அதே அரசு குடியரசுச் சட்டத்தை நிறைவேற்றியது என்பதையும் சேர்த்து நோக்கினால், பயணத்தின் அரசியல் தெளிவாகும். கொண்டுவரப்பட்ட எலும்புகள் யேற்ஸினுடையனவா என்ற ஐயம் அன்றே எழுந்தது. 2015 இல் வெளிவந்த பிரெஞ்சு ஆவணங்கள் அவ்வையத்தை வலுப்படுத்தின. ஆயினும் கோல்வே கரையில் நின்ற மக்களுக்கு அது ஒரு கவிஞனின் வருகையாகவே இருந்தது. கப்பலொன்று அதனைச் செய்தது என்ற அளவில் எமது வரலாறு நிற்கும்.

எஞ்சிய ஆண்டுகள் மீன்பிடிக் காவலிலேயே கழிந்தன. 1921 உடன்படிக்கை அனுமதித்த அதே பணி! நீர்மூழ்கி வேட்டைக்கெனக் கட்டப்பட்ட கப்பல்கள் அயல்நாட்டு இழுவைப் படகுகளைத் துரத்தின. இழுவைப் படகை எட்டிப்பிடிக்க 16 கடல்மைல் வேகம் போதுமானது. இடையூறு வேறிடத்தில் இருந்தது. தளமோ தெற்கே கோர்க் துறைமுகத்து ஹோல்போலின் தீவு. டொனெகல் கரைக்குச் செல்ல ஒரு நாளுக்கு மேற் பிடிக்கும். குளிர்ந்த கொதிகலனில் நீராவி எழுப்புவதற்கே பல மணி நேரம் வேண்டும். மூன்றில் ஒன்று பழுதுபார்க்கும் நிலையில் நின்றால், நீண்ட மேற்குக் கரை காவலின்றிக் கிடக்கும். 1964 இல் மீன்பிடி எல்லை 12 கடல்மைலாக விரிந்தது. கப்பல்களின் தொகை விரியவில்லை. கடல்மீது உரிமையைச் சட்டத்தால் விரித்துக்கொண்டு, அதனைக் காக்கும் செலவை ஆண்டுதோறும் ஒத்திவைத்த ஆட்சியாளரின் போக்கு கண்டிக்கத்தக்கதே.

அப்போக்கின் விலையைச் செலுத்தியவர்கள் மாலுமிகள். 1962 மே மாதம் கோர்க் துறைமுகத்துக்கு வெளியே பயிற்சியில் ஈடுபட்ட ‘கிளியோனா’விலிருந்து வீசப்பட்ட ஆழ்நீர்க் குண்டொன்று உரிய ஆழத்தை அடையுமுன் கப்பலருகே வெடித்தது. எண்ணெய்க் குழாய்கள் உடைந்து கொதிகலன் அறையில் தீப்பற்றியது. அத்தீயினுள் இறங்கிப் போராடியோர் கப்பலைக் காத்தனர். அவர்களது செயலுக்கு அரசின் முறையான பாராட்டுக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் கழியவேண்டியிருந்தது.

முடிவு விரைவாக வந்தது. 1970 அளவில் ‘மாஹா’வும் ‘கிளியோனா’வும் சேவையிலிருந்து நீக்கப்பட்டு உடைப்பதற்கு விற்கப்பட்டன, கடற்படைக்கு எஞ்சியது ‘மேவ்’ ஒன்றே. வட அயர்லாந்தில் மோதல் வெடித்து, ஆயுதக் கடத்தல் பற்றிய அச்சம் மிகுந்திருந்த வேளை அது. அரசு பரபரப்புற்று 1971 இல் மூன்று கண்ணிவாரிக் கப்பல்களை வாங்கியது. அவையும் பிரித்தானியாவின் பழைய கப்பல்களே. 1972 இல் ‘மேவ்’வும் விற்கப்பட்டது. அதே ஆண்டு கோர்க் துறைமுகத்து வெரோல்ம் கப்பல்தளத்திற் கட்டப்பட்ட ‘டியர்ட்ரே’ சேவையில் இணைந்தது. அயர்லாந்தின் கடலுக்கென அயர்லாந்திலேயே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதற் காவற் கப்பல் அதுவே. மூன்று கொர்வெற்றுக்களுள் ஒன்றேனும் இன்று இல்லை. அவ்வகையில் எஞ்சிய ஒரேயொரு கப்பலான ‘சாக்வில்’ கனடாவின் ஹலிபக்ஸ் துறையிலே காக்கப்படுகிறது.