வேகத்தின் கதை – 6: பட்டறையிலிருந்து வந்த சாம்பியன்

1950-ம் ஆண்டு மே 21. மொனாக்கோ தெருக்களில் கார் பந்தயம். துறைமுகத்தை ஒட்டிய வளைவில் கடல் அலை அடித்து, சாலை நனைந்து கிடந்தது. முதல் சுற்றில் இரண்டாவதாக வந்த ஃபரீனாவின் கார் அங்கே வழுக்கியது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஒன்பது கார்களின் பந்தயம் அந்த இடத்திலேயே முடிந்தது.

முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தவருக்கு இது எதுவும் தெரியாது. இரண்டாவது சுற்றில் அதே இடத்தை முழு வேகத்தில் நெருங்கினார். அப்போது அவர் கண்ணில் பட்டது கூட்டம். முன்னணியில் வரும் காரைப் பார்க்க வேண்டியவர்கள், முகத்தைத் திருப்பி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளைவுக்கு அப்பால் ஏதோ நடந்திருக்கிறது என்று அந்த நொடியிலேயே புரிந்துகொண்டு பிரேக்கை மிதித்தார். நொறுங்கிக் கிடந்த கார்களுக்கு நடுவே மெல்ல வழி பிடித்து வெளியே வந்தார். பந்தயத்தையும் வென்றார். உலக சாம்பியன்ஷிப்பில் அது அவருடைய முதல் வெற்றி. அவர் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ. அப்போது அவருக்கு 39 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வயதில் பெரும்பாலான பந்தய வீரர்கள் ஓய்வைப் பற்றி யோசிப்பார்கள். ஃபாஞ்சியோவுக்கோ அதுவரை நடந்ததெல்லாம் பயிற்சிக்காலம். அதைத் தெரிந்துகொள்ள அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டும்.

பால்கார்சே, உருளைக்கிழங்கு விளையும் ஒரு சிற்றூர். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் 1911 ஜூன் 24 அன்று பிறந்தார் ஃபாஞ்சியோ. தந்தை கட்டட வேலை செய்தவர். பையன் பள்ளிப் படிப்பை முடிக்காமலே மெக்கானிக் பட்டறையில் சேர்ந்தான். இன்ஜினைக் கழற்றிப் பூட்டுவதில் கை தேர்ந்தபின், சொந்த ஊரிலேயே பட்டறை வைத்தான். 1936-ல் அவர் ஓட்டிய முதல் பந்தயக் கார், டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபோர்டு.

ஊர்க்காரர்கள் பணம் திரட்டி அவருக்கு ஒரு செவர்லே வாங்கிக் கொடுத்தார்கள். 1940-ல் செவர்லே காரில் பியூனஸ் ஐரிஸிலிருந்து பெருவின் தலைநகர் லிமா வரை போய்த் திரும்பும் பந்தயத்தில் இறங்கினார். மொத்தம் 9,000 கிலோமீட்டருக்கு மேல். ஆண்டீஸ் மலையின் மூச்சு முட்டும் உயரம், புழுதி, மண் சாலை. நடுவழியில் கார் நின்றுவிட்டால் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும்தான் இறங்கிச் சரிசெய்ய வேண்டும். ஃபாஞ்சியோ வென்றார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தேசிய சாம்பியன் அவரே. காரை வதைக்காமல் வேகமாகப் போகும் வித்தை அந்தச் சாலைகளில்தான் கைவந்தது.

பிறகு உலகப்போர் குறுக்கிட்டது. 31 வயதிலிருந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பந்தயமே இல்லை. 1948-ல் இன்னொரு அடி. பெருவில் இரவுப் பயணத்தில் கார் சாலையை விட்டு உருண்டு, துணை ஓட்டுநர் டேனியல் உருட்டியா இறந்தார். நண்பனை இழந்த ஃபாஞ்சியோ, இனி ஓட்டவே வேண்டாம் என்ற முடிவுக்கு அருகில் போனார். ஆனாலும் மறு ஆண்டு, அர்ஜென்டினா ஆட்டோமொபைல் கிளப்பின் ஆதரவோடு ஐரோப்பாவுக்குப் போனார். அந்த ஆண்டில் மட்டும் ஆறு வெற்றிகள்.

1951-ல் ஆல்ஃபா ரோமியோ காரில் முதல் உலகப் பட்டம். 1952-ல் ஒரு பெரிய தவறு செய்தார். வட அயர்லாந்தில் ஒரு நாள் பந்தயம், மறுநாள் இத்தாலியின் மோன்ஸாவில் இன்னொன்று. விமானம் கிடைக்காததால் பாரிஸிலிருந்து இரவெல்லாம் தானே கார் ஓட்டி, பந்தயம் தொடங்கச் சற்று முன்புதான் வந்து சேர்ந்தார். களைப்போடு இறங்கியவரின் கார் இரண்டாவது சுற்றிலேயே தடம் புரண்டது. தூக்கி எறியப்பட்டதில் கழுத்தெலும்பு முறிந்து, அந்தப் பருவத்தின் மீதி நாட்கள் சிகிச்சையில் கழிந்தன.

மீண்டு வந்தவரை யாராலும் தடுக்க முடியவில்லை. 1954, 1955, 1956, 1957 என்று தொடர்ந்து நான்கு பட்டங்கள். மாஸெராட்டி, மெர்சிடீஸ், ஃபெராரி என்று கார்கள் மாறின. ஸ்டியரிங்கில் இருந்த கை மாறவில்லை. 1956-ல் மோன்ஸாவில் அவருடைய கார் பழுதானபோது, தனக்கே பட்டம் கிடைக்கும் வாய்ப்பிருந்தும் 24 வயது பீட்டர் காலின்ஸ் தன் காரிலிருந்து இறங்கி அதை அவரிடம் கொடுத்தார். காரை மாற்றிக்கொள்ள அன்றைய விதி இடம் தந்தது. உடன் ஓட்டியவர்கள் அவர்மேல் எவ்வளவு மதிப்பு வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அவர் திறமையின் உச்சம் 1957 ஆகஸ்ட் 4. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடம், காடும் மேடும் பள்ளமுமாக ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர். மொத்தம் 22 சுற்றுகள். ஃபெராரி கார்கள் டேங்க் நிறையப் பெட்ரோலோடு நிற்காமல் ஓடத் திட்டமிட்டன. ஃபாஞ்சியோ பாதி டேங்கோடு கிளம்பினார். கார் எடை குறைந்திருக்கும், வேகமாகப் போய் முன்னிலை பிடித்துக்கொண்டு நடுவில் நின்று டயர் மாற்றலாம் என்பது கணக்கு. அரை நிமிட முன்னிலை கிடைத்தது. ஆனால் டயர் மாற்றும் இடத்தில் வேலை இழுத்துவிட்டது. வெளியே வந்தபோது ஃபெராரி ஓட்டிய ஹாதார்னுக்கும் காலின்ஸுக்கும் முக்கால் நிமிடம் பின்தங்கியிருந்தார்.

புது டயர்கள் பழகும் வரை பொறுத்தார். பிறகு, வழக்கமாக இரண்டாம் கியரில் எடுக்கும் வளைவுகளை மூன்றாம் கியரில் எடுத்தார். மூன்றில் எடுத்தவற்றை நான்கில் எடுத்தார். சுற்றுக்குச் சுற்று சாதனை உடைந்தது. முந்தைய ஆண்டு அவரே வைத்த சாதனை 9 நிமிடம் 41.6 விநாடி, 20-வது சுற்றை 9 நிமிடம் 17.4 விநாடியில் முடித்தார். கடைசிக்கு முந்தைய சுற்றில் இருவரையும் தாண்டி, 3.6 விநாடி வித்தியாசத்தில் வென்றார். ஐந்தாவது பட்டம் உறுதியானது. அப்போது வயது 46. அதுவே அவருடைய 24-வது, கடைசி வெற்றி.

1958 பிப்ரவரியில் கியூபாவில் காஸ்ட்ரோவின் புரட்சிக்காரர்கள், உலகத்தின் பார்வையைத் தங்கள் பக்கம் திருப்ப அவரை ஹவானா ஹோட்டலில் கடத்திப்போய், பந்தயம் முடிந்தபின் பத்திரமாக விடுவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரான்ஸின் ரெய்ம்ஸில் கடைசியாக ஓட்டினார். முன்னணியில் வந்த ஹாதார்ன், ஒரு சுற்று பின்தங்கவிருந்த ஃபாஞ்சியோவைத் தாண்டாமல், மரியாதைக்காக அவர் பின்னாலேயே வந்து முடித்தார். சக வீரர்கள் பலர் தடத்திலேயே மாண்டுபோன காலம் அது. ஃபாஞ்சியோ 1995 ஜூலை 17 வரை, 84 வயது வரை வாழ்ந்தார்.

அவருடைய ஐந்து பட்டங்களைத் தாண்ட மைக்கேல் ஷூமாக்கர் 2003-ல் வர வேண்டியிருந்தது. 51 பந்தயங்களில் 24 வெற்றி என்ற விகிதத்தையும், 46 வயதில் உலகப் பட்டம் என்ற சாதனையையும் இன்றுவரை யாரும் தாண்டவில்லை. எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் காரும் சாலையும் சொல்லும். அதைக் கேட்கத் தெரிந்தவர் ஃபாஞ்சியோ. பந்தய உலகின் முதல் மேதை அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வாரம்: மெர்சிடீஸ் அணியில் அவருக்குப் பின்னாலேயே ஓட்டிக் கற்றுக்கொண்டு, கடைசிவரை உலகப் பட்டம் பெறாமல் போன ஸ்டிர்லிங் மோஸ்.